ஹாலோடு போன அப்பா

அமிழ்தினி ஹாலை அனுப்பிவைத்தபோது அதற்குள் அப்பா இருந்தது அவளுக்குத் தெரியாது.

அவள் சமையலறையில் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் இருந்த திரை, "ஹால் புறப்படத் தயார். உள்ளே யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டது. "யாரும் இல்லை" என்றாள். வியாழக்கிழமை காலையில் அப்பா முழங்கால் பயிற்சிக்குப் போய்விடுவார், திரும்ப மதியம் ஆகும். கையெல்லாம் புளியாக இருந்ததால் முழங்கையால் 'அனுப்பு' என்பதை அழுத்தினாள். கொக்கிகள் கழன்றன. தரை லேசாக அதிர்ந்தது. ஒன்பதாவது மாடியிலிருந்து ஹால் மின்தூக்கியில் இறங்கிச் சாலையில் கலந்து மேற்குப் பக்கமாகப் போய்விட்டது. அது இருந்த இடத்தில் இப்போது காற்று அடித்தது.

அந்தக் காலத்துச் சென்னையில் எல்லா வீடும் அப்படித்தான். வீடு கட்டவும் இடமில்லை, கார் நிறுத்தவும் இடமில்லை என்று ஊரே தவித்துக்கொண்டிருந்தபோது யாரோ ஒரு புண்ணியவான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். கட்டடம் என்பது வெறும் இரும்புச் சட்டம், பெரிய அலமாரி மாதிரி. அதில் வந்து செருகிக்கொள்ளும் அறைகள்தான் கார்கள். ஒவ்வோர் அறைக்கும் சக்கரம் உண்டு, நம்பர் பிளேட் உண்டு, இன்ஷூரன்ஸ் உண்டு. அமிழ்தினியின் கணவன் ரூபன் தினமும் படுக்கையறையிலேயே ஒரகடத்துக்கு வேலைக்குப் போவான். வீட்டில் தூங்குகிறவன் அலுவலக வாசலில் எழுந்து பல் தேய்ப்பான். கல்யாணத்துக்கு ஹாலோடு போய் இறங்குவது கௌரவம். சமையலறையை மட்டும் யாரும் வெளியே எடுப்பதில்லை. எடுக்கக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை, யாருக்கும் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

சும்மா கிடக்கிற அறையை நாலு மணி நேரத்துக்கு வாடகைக்கு விடுவதும் ஊர் வழக்கம். இவர்கள் வீட்டு ஹாலுக்கு சினிமாக்காரர்களிடம் நல்ல பெயர். செட் போடுவதைவிட ஹாலை வரவழைப்பது அவர்களுக்குச் சுலபம். மஞ்சள் சுவரும் நீள சோபாவும் எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும்.

பதினோரு மணிக்குப் பயிற்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "மேடம், சந்தோஷ்குமார் சார் இன்னிக்கு வரலையா?"

"அங்கதானே வந்தாரு?"

"இல்ல மேடம். வலி ஜாஸ்தியா இருக்கு, வரலைன்னு காலையிலயே சொல்லிட்டாராம். இப்ப எப்படி இருக்குன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

அமிழ்தினி சமையலறை வாசலைப் பார்த்தாள். அப்பாவின் செருப்பு அங்கே கிடந்தது. அவருடைய போனுக்கு அடித்தாள். அது மிக்சிக்குப் பக்கத்தில் சார்ஜரில் கிடந்து அவளைப் பார்த்தே மணியடித்தது.

கூரையில் ஆள் இருப்பதைக் கண்டுபிடிக்கும் கண் ஒன்று ஹாலுக்கு உண்டு. ஆனால் வந்த முதல் வாரமே அப்பா அதன் மேல் ஒரு துண்டைக் கட்டிவிட்டார். சாப்பிடும்போது யாரோ வாயைப் பார்ப்பது போல இருக்கிறதாம். அதைச் செய்த கம்பெனிக்குப் புகாரும் எழுதிப்போட்டார்.

சந்தோஷ்குமார் முப்பது வருஷம் நுகர்வோர் மன்றத்தில் வேலை பார்த்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர புகாரிலிருந்து ஓய்வு பெறவில்லை. பிஸ்கட் பாக்கெட்டில் காற்று அதிகம் என்று புகார் கொடுப்பார். சொன்ன தேதியில் மழை பெய்யவில்லை என்று வானிலை நிலையத்துக்கு எழுதுவார். மனைவி போனபிறகு மகள் வீட்டுக்கு வந்து, ஹால் சோபாவிலேயே படுக்கையைப் போட்டுக்கொண்டார். நாளடைவில் ஹால் அவருடையதாகிவிட்டது. ரூபனின் நண்பர்கள் வந்தால் சமையலறையில் நின்றபடி பேசிவிட்டுப் போவார்கள்.

அமிழ்தினி ஹாலைக் கூப்பிட்டாள். "வணக்கம்" என்றது ஹால். "நான் படப்பிடிப்பில் இருக்கிறேன். ஒப்பந்தப்படி மூன்று மணி வரை நான் சத்தம் போடக்கூடாது." வைத்துவிட்டது.

ரூபனைக் கூப்பிட்டாள்.

"ஹாலோட போயிட்டாரா? எப்படி?" என்றான் அவன்.

"நான்தான் அனுப்பிட்டேன். படுத்திருந்திருப்பாரு, தெரியலை. நீ பெட்ரூமை எடுத்துட்டு வா."

"அஞ்சாவது அடுக்குல நிறுத்தியிருக்காங்க. எனக்கு முன்னாடி பதினாறு பெட்ரூம் நிக்குது. சாயங்காலம்தான் இறக்க முடியும். ஏதாவது வண்டியப் பிடிச்சுட்டுப் போயேன்."

வண்டி பிடிக்க யாருக்கும் பொறுமை இருக்காத நேரம் ஒன்று உண்டு. அமிழ்தினி அடுப்பைக் குறைத்தாள், கதவைச் சாத்தினாள், சமையலறையை வெளியே எடுத்தாள்.

போகும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே நினைவுதான். சென்ற மாதம் பௌர்ணமி இல்லத்திலிருந்து ஓர் ஆள் வந்திருந்தான். நிலாவில் முதியோருக்காகக் கட்டியிருக்கும் இல்லம் அது. அவர்களுடைய பெருமையே பழகின அறையோடு அழைத்துப் போவதுதான். பெரியவர் உட்கார்ந்திருக்கும் ஹாலை அப்படியே கழற்றி ராக்கெட்டில் ஏற்றி அங்கே கொண்டுபோய்ச் செருகிவிடுவார்கள். ஜன்னல், சோபா, சுவரில் மாட்டிய படம் எல்லாம் இருந்தபடியே இருக்கும். "அங்க உடம்பு எடை ஆறுல ஒரு பங்குதாங்க. முழங்கால் வலின்னு ஒண்ணு இருந்ததே ஐயாவுக்கு மறந்துடும்" என்றான் அவன். அவள் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காத்திருப்போர் வரிசையில் பெயரை மட்டும் போட்டுவைக்கச் சொன்னாள். அவன் ஹாலை அளந்தான். சோபாவில் உட்கார்ந்திருந்த அப்பா, "எதுக்கும்மா அளக்கறாங்க?" என்று கேட்டார். "பெயின்ட் அடிக்கப்பா" என்றாள் அவள். அளவு நாடா போவதற்காக அப்பா காலைத் தூக்கிக் கொடுத்தார்.

போரூரில் ஒரு போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டினார். சமையலறை ஓரமாக நின்றது. அவர் ஜன்னலுக்குள் தலையை நீட்டி மோப்பம் பிடித்தார்.

"ஏம்மா, அடுப்பு எரியுதா?"

"சிம்லதான் சார் இருக்கு. எங்க அப்பா..."

"ஓடற வண்டியில சாம்பார் கொதிக்குது! ஒண்ணு அணைச்சுட்டுப் போங்க, இல்ல தாளிச்சு இறக்கிட்டுப் போங்க. இப்படி நடுவுல விட்டுட்டு ரோட்டுல வரக்கூடாது."

அவர் எதிரிலேயே கடுகை வெடிக்கவிட்டு, கறிவேப்பிலை போட்டு, இறக்கிவைத்தாள். "போங்க" என்று வழிவிட்டார். பின்னால் காத்திருந்த இரண்டு ஹால்களும் ஒரு குழந்தைகள் அறையும் ஒலி எழுப்பின.

படப்பிடிப்பு வளாகம் செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்தது. விமானம் நிறுத்தலாம் போன்ற கொட்டகை. சமையலறையை வாசலில் நிறுத்திவிட்டு, கையில் இருந்த கரண்டியோடு இறங்கி ஓடினாள். உள்ளே நுழைந்ததும் வெறுங்கால் புதைந்தது. தரை முழுக்கச் சாம்பல் கொட்டி, மேடும் குழியுமாக நிலாவைப் பரப்பியிருந்தார்கள். சுற்றிலும் கறுப்புத் திரை. எதிரே ஆகாயம் அளவுக்கு ஒரு மின்திரையில் பூமி நீலமாகத் தொங்கியது. நிலாவின் நட்டநடுவில் அவள் வீட்டு ஹால் நின்றது. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே, சோபாவில், அப்பா ஒரு காகிதக் கோப்பையில் எதையோ குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்..." என்பதற்குள் ஒரு பெண் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் மூன்று விதமான கண்ணாடிகள் தொங்கின.

"நீங்க அவர் பொண்ணா? ப்ளீஸ், சத்தம் போடாதீங்க. நான் ஷெரின், டைரக்டர்."

"எங்க அப்பாவ என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"நாங்க ஒண்ணும் பண்ணலைங்க. ஹால் வந்துச்சு, உள்ள ஒரு பெரியவர் தூங்கிட்டிருந்தாரு. ஆர்ட்டிஸ்ட் சீக்கிரமே வந்துட்டாருன்னு நெனைச்சோம். தூங்கறதுலேருந்து முழிக்கறதுதான் முதல் ஷாட். தொந்தரவு பண்ண வேணாம், அப்படியே கேமராவ ஓட விடுங்கன்னு சொன்னேன்."

நிஜமான நடிகர் ஓரமாக ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரித்தீஷ் என்று பெயர், எழுபதைத் தாண்டியவர். நரைத்த தாடிமேல் இன்னும் கொஞ்சம் நரையை ஒட்டியிருந்தார்கள். தன் வேஷத்தை வேறொருவர் செய்வதைப் பார்த்தபடி கோபமாக இட்லி தின்றுகொண்டிருந்தார்.

"கதை என்னன்னா," என்றாள் ஷெரின், "பெத்த பையன் அப்பாவைத் தூங்கறப்பவே நிலாவுக்கு அனுப்பிடறான். அவர் முழிச்சு ஜன்னல் வழியா பூமியப் பார்க்கிறாரு. என் ஸ்கிரிப்ட்ல அந்த இடத்துல அவர் கதறி அழணும். உங்க அப்பா அழலை. கண்ணாடியத் தொடைச்சுப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம், 'இங்க பொறுப்புல யாரு?'ன்னு கேட்டாரு. நான்தான்னு மைக்ல சொன்னேன். 'முழங்கால் வலி போயிடும்னு சொன்னீங்களே, அப்படியே இருக்கே'ன்னாரு. என்னா ஆர்ட்டிஸ்ட்டுடா இவர்னு அசந்துட்டேன். எடை ஆறுல ஒண்ணாயிடும்னு விளம்பரத்துல சொன்னது ஏமாத்து வேலைன்னு பத்து நிமிஷம் பேசினாரு."

"அவர் ஆர்ட்டிஸ்ட் இல்லைன்னு எப்பத் தெரிஞ்சுது?"

ஷெரின் தரையைப் பார்த்தாள். "'என் பொண்ணு எப்பக் கையெழுத்துப் போட்டா?'ன்னு கேட்டாரு. ஸ்கிரிப்ட்ல பொண்ணே கிடையாது. பையன்தான்."

அமிழ்தினி அவள் பக்கம் ஓர் அடி வைத்தாள். "அப்பவே சொல்லியிருக்க வேண்டாமா? உண்மைய சொல்லி வெளிய கூட்டிட்டு வந்திருக்கணுமில்ல?"

"சொல்லியிருக்கணும்" என்றாள் ஷெரின். "சொல்ல வாய் வரலை. அந்த முகத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்போல இருந்துச்சு. தப்புதான். இப்ப அவர் உங்ககூட பேசணும்னு கேக்கறாரு. பூமிக்கு லைன் போட்டுக் குடுங்கன்னு. எப்படின்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன், நீங்களே வந்துட்டீங்க." அவள் கையில் ஒரு மைக் இருந்தது.

அதைத் தட்டிவிட்டு உள்ளே போய் அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருக்க வேண்டும். அமிழ்தினிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் தன்னை நிலாவுக்கு அனுப்பிவிட்ட மகளிடம் அப்பா என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இன்னொரு முறை வராது. அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"மேடம், அவர் பேசி முடிச்சதும் உடனே பதில் சொல்லக்கூடாது" என்றான் குகன் என்கிற தாடிக்கார உதவி இயக்குநர். "நிலாவுக்குக் குரல் போய் வர ரெண்டு ரெண்டரை செகண்ட் ஆகும். நான் விரலை இறக்கினதும் பேசுங்க."

கறுப்புத் திரைக்குப் பின்னால் நிற்கவைத்தார்கள். எதிரே சின்னத் திரையில் அப்பாவின் முகம் தெரிந்தது. அவருக்கும் அவளுக்கும் நடுவில் நாற்பது அடி இருக்கும்.

"அப்பா?"

அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். "அமிழ்தினியா? நல்லா கேக்குது. சாப்பிட்டியா?"

குகனின் விரல் இறங்கியது. "இன்னும் இல்லப்பா. நீ?"

"இட்லி குடுத்தாங்க. இவ்வளவு தூரம் வந்தும் பூ மாதிரி இருந்துச்சு. சட்னிதான் தண்ணி. சொல்லியிருக்கேன், நாளைக்கு மாத்தறேன்னாங்க."

"அப்பா... உனக்குக் கோவம் இல்லியா?"

"யார் மேல?"

"என் மேல. உன்கிட்ட ஒரு வார்த்த கேக்காம..."

"அளக்க வந்தப்பவே தெரியும்மா" என்றார் சந்தோஷ்குமார். "பெயின்ட் அடிக்கிறவன் எவனாவது ரூம்ல எத்தனை ஆள் மூச்சு விடலாம்னு கணக்குப் போடுவானா?"

குகனின் விரல் இறங்கியது. குகன் மறுபடி விரலைத் தூக்கி மறுபடி இறக்கினான்.

"தெரிஞ்சும் ஏம்ப்பா ஒண்ணும் கேக்கலை? பிஸ்கட் பாக்கெட்டுக்கெல்லாம் சண்டை போடுவே. எனக்கு ஒரு திட்டுகூட இல்லியா?"

இந்த முறை அவர் எடுத்துக்கொண்ட நேரம் நிலாவின் தூரத்தைவிட அதிகம்.

"முப்பது வருஷம் புகார் வாங்கினவன்மா நான். புகார் குடுக்க வர்றவன் என்ன கேப்பான்? வேற மாத்திக் குடு, இல்லாட்டி திருப்பி எடுத்துக்கோன்னு கேப்பான். உன்னை எதுக்கு நான் மாத்தணும்? எனக்கு மாத்த வேணாம்."

ஷெரின் மூக்கை உறிஞ்சினாள். சுற்றியிருந்த முப்பது பேரும் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். மின்விளக்கைப் பிடித்திருந்தவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு வருத்தம்" என்றார் அப்பா. "ஹாலையும் சேர்த்து எடுத்துட்டு வந்துட்டாங்களே. உங்களுக்கு உக்கார இடம் இல்ல. மாப்பிள்ளைகிட்ட சொல்லி சின்னதா ஒண்ணு வாங்கிக்குங்க. வெள்ளைச் சுவரா வாங்காதே, கறை தெரியும். அப்புறம், உங்கம்மா போட்டோவும் இங்க வந்துடுச்சு. வேணும்னா சொல்லு, அனுப்பி வைக்கறேன். நான் முகத்தை மறக்க மாட்டேன்."

"நீயே வச்சுக்கப்பா."

"பார்த்தியா, வீட்டுல இருந்தப்ப இப்படி உக்காந்து பேசினதே இல்ல நாம. உப்பு போதுமா, ஃபேனைப் போடவான்னு கேட்டே நாள் போச்சு. தூரமா இருந்தா பேச வருது." அவர் எழுந்து, சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வந்தார். மின்திரையில் இருந்த பூமியை உற்றுப்பார்த்தார். "எங்கடா நம்ம ஊருன்னு தேடிட்டிருக்கேன். இந்தப் பக்கம் ஒரே மேகமா இருக்கு. அமிழ்து, கொஞ்சம் வெளிய வந்து கைய ஆட்டேன்."

"அங்கேருந்து தெரியாதுப்பா."

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும். சும்மா ஆட்டு."

அவள் கறுப்புத் துணிக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினாள். ஜன்னலுக்குள் அப்பா பூமியைப் பார்த்துப் பதிலுக்கு ஆட்டினார்.

அதற்குமேல் அவளால் ஆகவில்லை. மைக்கைக் குகன் கையில் திணித்துவிட்டுத் திரையை விலக்கி நிலாவின் மேல் நடந்தாள். "மேடம்!" என்று யாரோ பின்னால் கிசுகிசுத்தார்கள். சாம்பல் கணுக்கால்வரை புதைந்தது. இடுப்பில் செருகிய துப்பட்டாவோடும் கையில் இன்னும் விடாத கரண்டியோடும் அவள் ஹாலை நோக்கிப் போனாள்.

சந்தோஷ்குமார் அவளைப் பார்த்தார். முதலில் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பிறகு வாய் பெரிதாகத் திறந்தது. இரண்டு கைகளாலும் கண்ணாடியைத் தட்டினார். போ, போ என்று சைகை காட்டினார், அப்புறம் மூக்கைப் பிடித்துக் காட்டினார். எதுவும் வெளியே கேட்கவில்லை. அவள் நிற்காமல் நடந்துவந்தாள். அவர் ஜன்னலிலிருந்து காணாமல் போனார்.

மறுநொடி ஹாலின் கதவு திறந்தது. சோபாவிலிருந்து எழவே சுவரைப் பிடிக்கும் மனுஷன், இரண்டு கன்னமும் உப்ப மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, நிலாவில் குதித்து ஓடிவந்தார். ஒரு கையால் தன் மூக்கைப் பொத்தியிருந்தார். இன்னொரு கையில் கூரையின் கண்ணிலிருந்து உருவிய துண்டு. வந்த வேகத்தில் அந்தத் துண்டை மகளின் முகத்தில் சுற்றி, மூக்கையும் வாயையும் அழுத்தி, அவளை ஹால் பக்கம் தரதரவென்று இழுத்தார். முகம் சிவந்து கண் பிதுங்கியது.

"அப்பா, விடுப்பா" என்றாள் துண்டுக்குள்ளிருந்து. "மூச்சு விடு."

அவர் பலமாகத் தலையாட்டி மறுத்தார். இழுத்தார்.

"ஒண்ணும் ஆகாது. மூச்சு விடுப்பா. இது செம்பரம்பாக்கம்."

அவர் நின்றார். கன்னம் உப்பியபடியே இருந்தது. அவளைப் பார்த்தார். மேலே பார்த்தார். கறுப்புத் திரையின் இடுக்கு வழியாக எட்டிப்பார்த்த முப்பது தலைகளைப் பார்த்தார். அப்போதும் நம்பாமல் மூக்கிலிருந்து ஒரு விரலை மட்டும் எடுத்து லேசாக மோந்து பார்த்தார்.

"சாம்பார் வாசனை வருது" என்றார்.

"நம்ம கிச்சன்தான்ப்பா. வாசல்ல நிறுத்தியிருக்கேன்."

அடக்கிவைத்த மூச்சு மொத்தமும் வெளியே வந்தது. சாம்பலிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் இருவரும் கொஞ்ச நேரம் குலுங்கினார்கள். 'கட்' சொல்ல ஷெரினுக்கு மறந்துவிட்டது.

வெட்கம் வந்தபிறகுதான் அப்பாவுக்குக் கோபம் வந்தது. யாரைக் கேட்டு ஹாலில் கேமரா வைத்தீர்கள் என்றார். சட்னியில் தண்ணீர் என்றார். பூமியில் இந்தியாவின்மேல் ஏன் இத்தனை மேகம் போட்டீர்கள் என்று படம் வரைந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டார். ரித்தீஷ் எழுந்துவந்து, "நல்லா பண்ணீங்க சார்" என்று கைகொடுத்ததும்தான் கொஞ்சம் அடங்கினார். எடுத்ததைப் படத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று ஷெரின் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள். "வச்சுக்கம்மா. யாராவது பார்த்துட்டுப் போகட்டும்" என்றார்.

ஹாலும் சமையலறையும் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு வீடு திரும்பின. போகிற வழியிலேயே அப்பாவுக்குச் சாதம் போட்டாள்.

"பௌர்ணமி இல்லத்துல உன் பேரை எடுத்துடச் சொல்லிட்டேன்ப்பா. இப்பத்தான் போன் பண்ணேன்."

"நல்லது. அங்க முழங்கால் வலி போகலை."

"அது நிலா இல்லப்பா. ஷெட்டு."

"எதுவா இருந்தா என்ன? போகலையே" என்று சாதத்தைப் பிசைந்தார். "உப்பு கொஞ்சம் கம்மி."

வீட்டுக்கு வந்ததும் பழையபடி ஆகிவிட்டது. இரண்டு நாள் அவள் காத்திருந்து பார்த்தாள். உப்பையும் ஃபேனையும் தாண்டிப் பேச்சு போகவில்லை. அவர் வாயைத் திறப்பார், அவள் ஆவலாகத் திரும்புவாள், "ஒண்ணும் இல்ல" என்பார். மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் யாரிடமும் சொல்லாமல் சமையலறையை எடுத்துக்கொண்டு வண்டலூர்வரை போய், ஓரமாக நிறுத்தி, வீட்டுக்குப் போன் செய்தாள்.

"அப்பா?"

"எங்கேருந்து பேசறே?"

"தூரத்துலேருந்து."

மறுமுனையில் அவர் ஃபேனை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர், "உங்கம்மா ஒரு தடவை என்ன பண்ணா தெரியுமா..." என்று ஆரம்பித்தார். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் சமையலறை வெளியே போயிற்று. ரூபன் முதலில் முணுமுணுத்தான். அப்புறம் அந்த நாட்களில் ஒரகடத்திலேயே சாப்பிட்டுவிட்டு வரப் பழகிக்கொண்டான்.

படம் வெளியாவதற்குச் சில வாரம் முன்பு ஷெரின் வீட்டுக்கு வந்தாள். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு கைகளைப் பிசைந்தாள். அப்பா உள்ளே குளித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு விஷயம். சார் வர்ற சீன் எதுவுமே படத்துல இல்ல."

"ஏன்? நல்லா வரலையா?"

"எனக்கு அதுதான் படமே. ரிலீசுக்கு முன்னாடி இருநூறு பேருக்குப் போட்டுக் காட்டினோம். சார் மூச்சை அடக்கிக்கிட்டு ஓடிவர்ற இடத்துல தியேட்டரே சிரிச்சுடுச்சு. வெளிய வந்து எழுதிக் குடுத்தாங்க. எந்த அப்பனாவது காத்தே இல்லாத இடத்துல இறங்கி ஓடுவானா, நம்பற மாதிரி இல்லன்னு. போன் சீனையும் நம்பலை. அனுப்பின புள்ளைகிட்ட எவன் இப்படிப் பேசுவான்னு கேட்டாங்க. இது நெஜமாவே நடந்ததுங்கன்னு தயாரிப்பாளர்கிட்ட கால்ல விழாத குறையா சொல்லிப் பார்த்தேன். 'நெஜமாவே இருக்கட்டும்மா, ஆனா நம்பறாப்பல இல்லியே'ன்னுட்டாரு. போன வாரம் உங்க ஹாலை மறுபடி வாடகைக்கு வாங்கி, ரித்தீஷ் சாரை வச்சு எல்லாத்தையும் திரும்ப எடுத்துட்டோம். ஸ்கிரிப்ட்ல இருந்தபடியே."

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "படம் பார்க்க டிக்கெட் குடுப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கொடுத்தார்கள். தியேட்டரில் மட்டும் இன்னும் நாற்காலிகள்தான். அப்பாவும் மகளும் நடுவரிசையில் உட்கார்ந்தார்கள். தங்கள் வீட்டு மஞ்சள் சுவர் அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததைப் பார்த்து அப்பா, "ஒட்டடை தெரியுது பாரு" என்றார். ரித்தீஷ் சோபாவில் கண்விழித்தார். பூமியைப் பார்த்தார். மார்பில் அடித்துக்கொண்டு கதறினார். பெற்றவனைத் தூக்கி எறிந்த மகனே என்று சாபம் விட்டார், தரையில் விழுந்து புரண்டார். இசை பொங்கியது. தியேட்டர் முழுக்க விசும்பல். முன்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார், ஊரில் இருக்கும் தன் அப்பாவுக்குப் போன் செய்ய.

கடைசிக் காட்சியில் ரித்தீஷ் சோபாவில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் வசனம் நிற்கவில்லை.

"இவ்வளவு கத்தினா உள்ள இருக்கற காத்து தீந்துடாதா?" என்றார் அப்பா.

அமிழ்தினி இருட்டில் அவர் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளாகக் கேட்காமல் வைத்திருந்ததை, இத்தனை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கேட்டாள்.

"அன்னிக்கு வெளிய வந்தியே. அது நிலான்னுதானே நெனைச்சே? இறங்கினா செத்துடுவோம்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? தெரியும்."

"அப்புறம் ஏம்ப்பா வந்தே?"

அவர் அவளை விசித்திரமாகப் பார்த்தார், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல.

"நீ செருப்புகூடப் போடாம வந்திருந்தியேம்மா" என்றார்.

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே முன்னால் குனிந்து, அவர் தோளைத் தட்டினாள்.

"ஐயா, கொஞ்சம் பேசாம இருங்க. அங்க அப்பா செத்துக்கிட்டிருக்காரு."

"மன்னிச்சுக்கம்மா" என்றார் சந்தோஷ்குமார்.

இருவரும் வாயை மூடிக்கொண்டு திரும்பி, திரையில் அந்த அப்பா சாவதைப் பார்த்தார்கள்.